குழந்தைக்கு வளர்ச்சித் தாமதம்: கண்டுபிடிச்சாச்சு, அடுத்து யார் பொறுப்பு? புனேவை வைத்து ஒரு விளக்கம்

குழந்தைக்கு 10 மாதம். இன்னும் தானாக உட்காரவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் டிலே இருக்கு, தெரபி ஆரம்பிச்சிடுங்க" என்கிறார். கையில் ஒரு சீட்டு. அதில் பிசியோதெரபி, காது பரிசோதனை, கண் பரிசோதனை என்று மூன்று வரிகள். மூன்றுக்கும் மூன்று இடம்.

எதை முதலில் செய்வது? பிசியோதெரபிஸ்ட் சொன்னதை காது மருத்துவரிடம் யார் சொல்வது? அடுத்த மாதம் போகாமல் விட்டால், "ஏன் வரலை?" என்று யார் கேட்பது?

இந்தியாவில் இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: அம்மா, அப்பா. குழந்தையைக் கண்டுபிடிப்பதற்கு அரசிடம் ஒரு பெரிய திட்டம் இருக்கிறது. கண்டுபிடித்த குழந்தையை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் பலவீனமான கண்ணி. மகாராஷ்டிராவின் புனே நகரத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

வளர்ச்சித் தாமதம் என்றால் என்ன?

உடல் அசைவு, பேச்சு, புரிதல், பழகும் விதம் ஆகியவற்றில் ஒன்றிலோ பலவற்றிலோ குழந்தை தன் வயதுக்குரிய நிலையை எட்டாமல் இருப்பதுதான் வளர்ச்சித் தாமதம். இது ஒரு நோயின் பெயர் அல்ல, ஓர் அறிகுறி. பின்னால் செவித்திறன் குறைபாடு இருக்கலாம், பெருமூளை வாதம் இருக்கலாம், ஆட்டிசம் இருக்கலாம். சில குழந்தைகள் பயிற்சியோடு எட்டிப் பிடித்துவிடுவதும் உண்டு.

ஒவ்வொரு குழந்தைக்கும் வேகம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப்படி, ஆரோக்கியமான குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோரும் 9.2 மாதத்துக்குள் ஆதாரமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள், 17.6 மாதத்துக்குள் தனியாக நடந்துவிடுகிறார்கள். இந்த எல்லையைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம், காட்டிவிட வேண்டும்.

பேச்சிலும் அப்படித்தான். 1 வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை, 2 வயதில் "பால் வேணும்" மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை என்றால் பரிசோதனை தேவை. ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்திவிட்டால், அது எந்த வயதானாலும் உடனே பார்க்க வேண்டிய விஷயம்.

குறைமாதக் குழந்தைகளுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. 2 மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு 10 மாதம் ஆனால், வளர்ச்சியை 8 மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். வழக்கமாக 2 வயது வரை இந்தத் திருத்திய வயதை வைத்துத்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

எத்தனை குழந்தைகள்?

யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 6 வயது வரையிலான குழந்தைகளில் 20.42 லட்சம் பேர் மாற்றுத்திறனாளிகள். அந்த வயதுக் குழந்தைகளில் இது 1.24%.

இது வீட்டு வாசலில் கேள்வி கேட்டு எடுத்த கணக்கு. குழந்தைகளை நேரில் பரிசோதித்து எடுத்த கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பல்வல், காங்ரா, தேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய 5 இடங்களில் 3,964 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2018-ல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளியானது. பார்வை, செவி, பேச்சு, அசைவு, அறிவுத்திறன் குறைபாடுகள், வலிப்பு, ஆட்டிசம் ஆகிய 7 பிரச்னைகளில் ஏதாவது ஒன்றாவது உள்ள குழந்தைகள், 2 முதல் 6 வயதுக்குட்பட்டோரில் இடத்துக்கு இடம் 2.9% முதல் 18.7% வரை இருந்தார்கள்.

வயது வரம்பும் வரையறையும் வேறு என்பதால் இரண்டு கணக்கையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. ஆனால் கணக்கெடுப்பு அதிகாரி கேட்கும் ஒரு கேள்வியில் பல குழந்தைகள் தெரிவதில்லை என்பது மட்டும் புரிகிறது.

இந்த ஆய்வில் இன்னொரு எண்ணும் முக்கியம். பாதிப்பு இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரச்னை இருந்தது. அதாவது ஒரு டாக்டர், ஒரு தெரபிஸ்ட் என்று முடிகிற கதை அல்ல. பல பேர் சேர்ந்து பார்க்க வேண்டிய குழந்தைகள் இவர்கள்.

சீக்கிரம் ஆரம்பித்தால் பலன் உண்டா?

உண்டு. ஆனால் எவ்வளவு, எதில் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

திருவனந்தபுரம் எஸ்ஏடி மருத்துவமனையில் பிறந்த, ஆபத்து வாய்ப்புள்ள 800 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவில், குழந்தையோடு வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் 1 வயதிலும் 2 வயதிலும் மற்ற பிரிவைவிட மேலான வளர்ச்சி மதிப்பெண் பெற்றார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற அம்மா, தொடர்ந்து வழிகாட்ட ஒரு மையம், அவ்வளவுதான்.

குறைமாதக் குழந்தைகள் பற்றிய உலகளாவிய ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறது. சீக்கிரம் ஆரம்பித்த பயிற்சியால் அறிவு வளர்ச்சியில் கிடைக்கும் பலன் பள்ளிக்கு முந்தைய வயது வரை தெரிகிறது. பள்ளி வயதுக்கு மேல் அது நீடிப்பதாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை என்கிறது. ஒருமுறை செய்து முடிக்கிற சிகிச்சை அல்ல இது. கோப்பு பல வருடம் திறந்தே இருக்க வேண்டும்.

இதற்குச் சாட்சி புனேவிலேயே இருக்கிறது. ராஸ்தா பேட்டில் உள்ள கேஇஎம் மருத்துவமனையின் மருத்துவர்கள், 1987 முதல் 1989 வரை 2,000 கிராமுக்குக் குறைவான எடையோடு பிறந்து வீடு திரும்பிய குழந்தைகளைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். 12 வயதில் அவர்களின் சராசரி ஐக்யூ 89.5. சாதாரண எடையில் பிறந்த ஒப்பீட்டுக் குழுவில் அது 97.2. இரண்டுமே இயல்பு வரம்புக்குள்தான். ஆனால் குறைந்த எடைக் குழுவில் வாசிப்பிலும் கணக்கிலும் சிரமம் தெரிந்தது. குறைமாதத்தில் பிறந்து, அந்த மாதத்துக்குரிய எடையும் இல்லாதவர்கள் எல்லோரையும்விடப் பின்தங்கியிருந்தார்கள்.

1 வயதில் "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிட்டிருந்தால் இவர்களில் பலரின் பள்ளிச் சிரமம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. 12 வருடம் ஆன பிறகும் ஒரு மருத்துவமனை அதே பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்த்ததால்தான் தெரிந்தது.

அரசிடம் என்ன திட்டம் இருக்கிறது?

ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம், சுருக்கமாக ஆர்பிஎஸ்கே. 2013 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் பால்கரில்தான் இது தொடங்கிவைக்கப்பட்டது. பிறவிக் குறைபாடுகள், நோய்கள், சத்துக் குறைபாடுகள், வளர்ச்சித் தாமதங்கள் என 4 வகைகளில் பல பிரச்னைகளை 18 வயது வரை தேடிக் கண்டுபிடித்து, இலவசமாகச் சிகிச்சை தருவது நோக்கம்.

காகிதத்தில் இதன் வடிவம் நன்றாகவே இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தையை அங்கேயே பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் 6 வாரம் வரை ஆஷா பணியாளர் வந்து பார்ப்பார். அதன்பிறகு 6 வயது வரை ஆண்டுக்கு 2 முறை நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும். 2 ஆயுஷ் மருத்துவர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் அந்தக் குழுவில் இருப்பார்கள்.

சந்தேகம் வந்தால் அனுப்ப வேண்டிய இடம் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையம். குழந்தை நல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், செவி மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், பார்வைப் பரிசோதகர், சிறப்புக் கல்வியாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஒரு மேலாளர் பதவியும் உண்டு.

இது தவிர, 2021 ஜூனில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை 14 இடங்களில் எல்லா வகைக் குறைபாடுகளுக்குமான ஆரம்ப இடையீட்டு மையங்களைத் தொடங்கியது. மும்பையில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்திலும், சென்னையை அடுத்த முட்டுக்காடு தேசிய நிறுவனத்திலும் இவை இருக்கின்றன. 2023 நவம்பரில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையும் வந்தது.

அப்போ, சிக்கல் எங்கே?

கதவுகளை எண்ணிப் பார்த்தால் தெரியும். புனேவின் மாவட்ட மருத்துவமனை அவுந்தில் இருக்கிறது. அது மாநில பொது சுகாதாரத் துறையின் கீழ். சசூன் மருத்துவமனை மாநில மருத்துவக் கல்வித் துறையின் கீழ். மங்கள்வார் பேட்டில் உள்ள கமலா நேரு மருத்துவமனை புனே மாநகராட்சியுடையது. பிம்ப்ரியில் உள்ள ஒய்சிஎம் மருத்துவமனை பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சியுடையது. அங்கன்வாடி பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையுடையது. சிறப்புப் பள்ளிகள் 2022 டிசம்பரில் உருவான மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் கீழ் வருகின்றன.

ஆறு நிர்வாகங்கள். கேஇஎம் மாதிரி அறக்கட்டளை மருத்துவமனைகளும் தனியார் தெரபி மையங்களும் இந்தக் கணக்கில் இல்லை. ஒரு குழந்தை பிறந்த இடம், வசிக்கிற இடம், தெரபிக்குப் போகிற இடம் மூன்றும் மூன்று நிர்வாகத்தில் இருப்பது சாதாரணம். சீட்டு குழந்தையோடு போகும். பொறுப்பு அதோடு போவதில்லை.

ஹிஞ்சவடி ஐடி குடும்பம் இதில் எங்கே?

பெரும்பாலும் வெளியே. ஆர்பிஎஸ்கே ஸ்கிரீனிங் யாருக்கென்று பாருங்கள்: அரசு மருத்துவமனையில் அல்லது வீட்டில் பிறந்த குழந்தைகள், கிராமங்களிலும் நகரக் குடிசைப் பகுதிகளிலும் உள்ள 6 வயது வரையிலான குழந்தைகள், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள். தனியார் மருத்துவமனையில் பிறந்து, வாகட் அபார்ட்மென்டில் வளர்ந்து, பிளே ஸ்கூலுக்குப் போகும் குழந்தை இந்த மூன்றிலும் இல்லை.

அந்தக் குழந்தையைப் பார்ப்பவர் தடுப்பூசி போடும் மருத்துவர் மட்டும்தான். அங்கே எடை, உயரம் பார்ப்பார்கள். கூட்டம் இருந்தால் வளர்ச்சி பற்றிய கேள்விகள் விட்டுப்போகலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 9, 18, 30 மாதங்களில் வளர்ச்சி ஸ்கிரீனிங்கும், 18, 24 மாதங்களில் ஆட்டிசம் ஸ்கிரீனிங்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யச் சொல்கிறது. அந்த மாதங்களில் நீங்களே வாய்விட்டுக் கேட்கலாம்: "டாக்டர், டெவலப்மென்ட் ஸ்கிரீனிங் இன்னைக்குப் பண்ணிடலாமா?"

வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் மொழி. "வீட்ல தமிழ், கீழ ஹிந்தி, ஸ்கூல்ல இங்கிலீஷ், வேலைக்கு வர்ற அக்கா மராத்தி. அதான் குழந்தை குழம்பிப்போய் பேசலை" என்று யாராவது சொல்வார்கள். பல மொழி கேட்பதால் வளர்ச்சித் தாமதம் வருவதில்லை. இரண்டு மொழியில் பேசும் குழந்தையின் வார்த்தைகளை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். தெரபிக்காகத் தமிழை நிறுத்தவும் தேவையில்லை. தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், வீட்டுப் பயிற்சியைத் தமிழில் எப்படிச் செய்வது என்று அவரோடு பேசித் திட்டமிட முடியும்.

"அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினார்" என்பதும் அடிக்கடி கேட்கும் ஆறுதல். ஆறுதலாக இருக்கட்டும். காது பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணம் ஆக வேண்டாம். செவித்திறனுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் கணக்கு 1-3-6: 1 மாதத்துக்குள் ஸ்கிரீனிங், 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை. குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு அவகாசம் இன்னும் குறைவு. 34 வாரத்துக்கு முன்பு அல்லது 2,000 கிராமுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு, பிறந்து 4 வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் பார்வையே போகும் ஆபத்து உண்டு.

மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டத்தின்படி, 3 வயதுக்குட்பட்ட குழந்தை ஆரம்ப இடையீட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்டால் அந்தக் குடும்பத்துக்கென ஒரு சேவை ஒருங்கிணைப்பாளர் நியமிக்கப்படுவார். பரிந்துரை வந்த 45 நாளுக்குள் பரிசோதனையும், குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதும் திட்டத்துக்கான கூட்டமும் நடக்க வேண்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை அந்தத் திட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். 3 வயதில் பள்ளி நிர்வாகத்துக்கு மாறும்போது குழந்தை நடுவில் விழுந்துவிடாமல் இருக்க, குறைந்தது 90 நாள் முன்பே ஏற்பாடு தொடங்க வேண்டும்.

45 நாள் ஏன்? 6 மாதக் குழந்தைக்கு 45 நாள் என்பது அதுவரை வாழ்ந்த காலத்தில் கால் பங்கு. பெரியவர்களின் காலண்டரில் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பது சின்ன விஷயம். குழந்தையின் காலண்டரில் அப்படி இல்லை.

பணக்கார நாட்டில்தான் இது முடியும் என்று நினைக்க வேண்டாம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமங்களில் வேறொரு முறையைச் செய்துகாட்டியிருக்கிறது. உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற மறுவாழ்வுப் பணியாளர் குழந்தையின் வீட்டுக்கே வருவார். பிசியோதெரபி, பேச்சு, சிறப்புக் கல்வி நிபுணர்கள் அவருக்குப் பின்னால் நின்று வழிகாட்டுவார்கள். 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியில் பரிசோதனை, இலக்கு, முன்னேற்றம் எல்லாம் பதிவாகும்.

இரண்டு முறைக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான். குடும்பத்துக்குப் பெயர் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறார். ஐந்து நிபுணர்கள் ஐந்து வீட்டுப்பாடம் கொடுப்பதில்லை. ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாகக் கொடுக்கிறார்.

பெற்றோர் இப்போது என்ன செய்யலாம்?

ஒரே கோப்பு: பிறந்த எடை, எத்தனையாவது வாரம், என்ஐசியுவில் எத்தனை நாள், டிஸ்சார்ஜ் சுருக்கம், காது, கண் பரிசோதனை முடிவுகள், ஒவ்வொரு தெரபி அறிக்கையும் தேதி வாரியாக ஒரே இடத்தில். செல்போனில் மாதம் ஒரு 2 நிமிட வீடியோ. மருத்துவர் அறையில் குழந்தை செய்து காட்டாததை வீடியோ காட்டும்.

ஒரு தலைமை: குழந்தை நல மருத்துவரோ, வளர்ச்சி மருத்துவரோ, தெரபிஸ்டோ, ஒருவரை நேரடியாகக் கேளுங்கள்: "எல்லா ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லும் ஆள் நீங்களா?" இல்லையென்றால் யார் என்று கேளுங்கள். மாவட்ட மையத்துக்குப் போனால் மேலாளரையும் சமூகப் பணியாளரையும் சந்திக்கக் கேட்கலாம்.

மூன்று இலக்கு: "பேச்சு வரணும்" என்பது ஆசை. "3 மாதத்தில் தண்ணீர் வேண்டும் என்று சைகையாலோ வார்த்தையாலோ கேட்க வேண்டும்" என்பது இலக்கு. எழுதி வாங்குங்கள். அதே தாளை எல்லாத் தெரபிஸ்டுக்கும் காட்டுங்கள்.

சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம்: தெரபி ஆரம்பிக்க மாற்றுத்திறனாளி சான்றிதழ் தேவையில்லை. அரசுச் சலுகைகளுக்குத்தான் தேவை. சின்னக் குழந்தைகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ் தருவதும் உண்டு. யுடிஐடி அட்டை நாடு முழுவதும் செல்லும். ஆகவே புனேவில் வாங்கியது கோயம்புத்தூருக்கு மாறினாலும் பயன்படும். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டில் ரூ.1 லட்சம் வரை கிடைக்கும். தெரபிச் செலவும் அதில் வரும்.

வீடு மாறும்போது: புது ஊரில் மையம் பார்த்துத் தேதி வாங்கிய பிறகு பழைய இடத்தை விடுங்கள். பழைய தெரபிஸ்டிடம் கடைசி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பிளே ஸ்கூல், பள்ளி மாறும்போதும் இதே விதிதான்.

அரசிடம் என்ன கேட்க வேண்டும்?

"இத்தனை லட்சம் குழந்தைகளைப் பரிசோதித்தோம்" என்பதுதான் வழக்கமாகச் செய்தியாகிற எண். அது வேலை நடந்ததற்குச் சான்று. குழந்தைக்குப் பலன் கிடைத்ததற்குச் சான்று அல்ல. ஒவ்வொரு மாவட்டமும் இன்னும் 4 எண்களை வெளியிட்டால் படம் மாறும்: அனுப்பப்பட்டவர்களில் மாவட்ட மையத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? சந்தேகம் வந்த நாளுக்கும் முதல் தெரபிக்கும் இடையில் எத்தனை நாள்? 6 மாதம் கழித்தும் தொடர்ந்து வருபவர்கள் எத்தனை பேர்? மையத்தில் காலியாக உள்ள பணியிடங்கள் எத்தனை?

இந்த நான்கையும் உங்கள் மாவட்ட சுகாதார அலுவலகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.